வீடற்றாரும் மாநகரும்

வடசென்னையிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனைக்குக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றொரு பெயர் உண்டு. முதியோர் பலர் இன்றும் அப்பெயராலேயே அதனைச் சுட்டுவர். நோய் தீர்க்கும் இடத்திற்குக் கஞ்சித்தொட்டி என்னும் பெயர் வாய்த்தது எங்ஙனம்? 1780-ஆம் ஆண்டில் மைசூரை ஆண்ட ஐதர் அலியின் படை கருநாடகப் பகுதிக்குள் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின, பஞ்சம் தொடர்ந்தது. உழுதுண்டு வாழ்ந்த மக்கள் மனைவி மக்களுடன் சென்னையை நோக்கி வந்தனர். மதில் சூழ்ந்த நகருக்கு வடபுறத்தே அவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்கும் தங்க இடம் தருவதற்கும் 1782-ஆம் ஆண்டில் ஒரு சத்திரம் எழுந்தது. மணியக்காரர் ஒருவர் அதனை நடத்தியமையால் மணியக்காரர் சத்திரம் எனப்பட்டது என்பர். ஆங்கிலேயர் நாவில் அப்பெயர் ‘மோனிகர்’ எனத் திரிந்தது. பசித்து வந்தவருள் பிணியுற்றாரும் பலராதலின், 1799-ஆம் ஆண்டில் கும்பினி மருத்துவர் ஜான் அண்டர்வுட் என்பார் அச்சத்திரத்தைச் சார்ந்து ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் வழியில் வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையாகும்.

இதனைக் கொண்டு கும்பினி ஆட்சி அறத்தாற் சிறந்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. பஞ்சத்திற்குக் காரணமான போரில் கும்பினிக்கும் பங்கு உண்டு. எனினும் ஒன்று குறிக்கத்தக்கது. வந்தவர் எங்கே வந்து நின்றனரோ, அவ்விடத்திற்கு அணித்தாகவே கஞ்சித்தொட்டியும் கூரையும் அமைந்தன. அவர்களை வண்டியேற்றித் தொலைவிற்கு அனுப்பிவிட்டு, ஆங்கே சென்று கஞ்சி பெறுக என்று எவரும் கூறவில்லை.

தமிழர்க்கு இஃது அயலான முறையும் அன்று. மணிமேகலைக் காப்பியம் காட்டும் காவிரிப்பூம்பட்டினமும் ஒரு துறைமுக நகரமே. கடலோடு வந்த செல்வம் ஒருபால் குவிய, ஒருபால் பசியும் பிணியும் நிறைந்திருந்தன. மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி நின்றது உலக அறவி என்னும் ஊரம்பலத்தில். அஃது ஊரார் யாவர்க்கும் பொதுவானது. போக்கிடம் இல்லாதார் வந்து சேரும் இடம். பின்னர், அவள் மன்னனை வேண்டிச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். கட்டடம் இல்லை, இடம் இல்லை என்று அரசு சொல்லத் தொடங்குமுன், இருக்கும் கட்டடங்களுள் எதனை மாற்றலாம் என்று அவள் எண்ணியது இன்றைய ஆட்சியாளரும் எண்ணத்தக்கது.

இன்றைய சென்னையின் வடபகுதியைக் காண்போர்க்கு, அந்நகரின் உழைப்பெல்லாம் அங்கே திரண்டு கிடப்பதுபோலத் தோன்றும். இராயபுரத்தில் 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தொடர்வண்டி நிலையம் தென்னாட்டின் முதல் நிலையமாகும். அதனை அடுத்துத் துறைமுகம். வடக்கே காசிமேட்டு மீன்பிடித் துறை. அதற்கப்பால் திருவொற்றியூர், எண்ணூர், மணலி எனத் தொழிற்சாலைகள், எண்ணெய்க் கிடங்குகள், கன்டெய்னர் லாரிகள் வரிசை வரிசையாக நிற்கும் சாலைகள். துறைமுகம் ஊருக்கு வேலை தந்தது. அதே துறைமுகம் கரையையும் உண்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலுள் நீண்ட அதன் கற்சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்தன. தடுக்கப்பட்ட மணல் மெரீனாவில் அகன்ற கடற்கரையாகப் படிந்தது. மணல் வாராமையால் வடகரையைக் கடல் அரித்தது. இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலுள்ள மீனவர் குப்பங்கள் தெருத்தெருவாக நிலம் இழந்தன. பாறைகளைக் கொட்டி அரண் அமைத்த பின்னரே அரிப்பு ஓரளவு தணிந்தது. மாலையில் மெரீனா மணலில் காற்று வாங்குவோர், அம்மணலின் விலையை வடசென்னை கொடுத்தது என்பதை அறிந்திருப்பது நன்று.

இத்தகைய இடத்தில் உழைப்போர் அனைவர்க்கும் வீடு இருத்தல் வேண்டும் என்பது நியாயமே. ஆயினும் இராயபுரம், பேசின் பாலம், பிராட்வே, வால்டாக்ஸ் சாலை ஆகிய இடங்களில் நடைபாதையிலேயே மூன்று நான்கு தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உள்ளன. பகலில் அவ்வழியே செல்வார்க்கு, அங்கே ஒரு குடும்பம் வாழ்கின்றது என்பது புலப்படாது. சுவரோரம் சுருட்டி வைத்த தார்ப்பாய், கம்பியில் தொங்கும் துணிமூட்டை, கவிழ்த்து வைத்த இரண்டொரு பாத்திரம், அவ்வளவே. கடைகள் அடைத்த பின்னர்த் தார்ப்பாய் விரியும், அடுப்பு எரியும். பிள்ளைகள் தெருவிளக்கின்கீழ்ப் பாடநூலைத் திறப்பர். தாய்மார் உறக்கத்திலும் ஒரு கையைக் குழந்தையின்மேல் வைத்திருப்பர். லாரியின் சக்கரத்திற்கும் அஞ்ச வேண்டும், முன்பின் அறியாத மனிதர்க்கும் அஞ்ச வேண்டும். குளிப்பதற்கும் கழிப்பிடத்திற்கும் நாள்தோறும் காசு கொடுப்போர் அவர்களே.

இவர்களை இரப்போர் என்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் தவறு. காசிமேட்டில் மீன் ஆய்வோர், கூடை சுமப்போர், மீன்பாடி வண்டி மிதிப்போர், பூக்கட்டி விற்போர், வீடுகளில் பாத்திரம் துலக்குவோர், பழந்தாளும் நெகிழியும் பொறுக்கி விற்போர் எனப் பெரும்பாலோர் உழைத்து உண்போரே. கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர் பலர் இருந்தனர். 1996-ஆம் ஆண்டில் மொத்தக் காய்கனிச் சந்தை கோயம்பேட்டிற்குச் சென்றது. சந்தையை மாற்றியதில் குற்றம் இல்லை, நெரிசல் அத்தகையது. ஆனால், கடைக்காரர்க்குக் கோயம்பேட்டில் கடை வகுத்தாற்போல மூட்டை தூக்கியவர்க்கு அங்கே ஒரு மூலை வகுக்கப்படவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களுக்கென ஓர் இரவு உண்டு. 2011-ஆம் ஆண்டில் பிப்ரவரி 28-ஆம் நாள் இரவில் கணக்கெடுப்போர் தெருத்தெருவாகச் சென்று, நடைபாதையிலும், மேம்பாலத்தின் கீழும், கோயில் மண்டபங்களிலும், பெரிய குழாய்களுக்குள்ளும் உறங்குவோரை எண்ணினர். இந்தியா முழுமையும் 17 இலட்சத்து 70 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் வீடற்றவராகக் காணப்பட்டனர். ஓர் இரவில் எண்ணியது ஆதலின், உண்மைத்தொகை இதனினும் பெரிதாகவே இருக்கும். வாக்காளர் பட்டியலுக்கும் ஒரு விதி உண்டு. வீடற்ற ஒருவர் தம் பெயரைச் சேர்க்க விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி அலுவலர் இரவில் அவ்விடத்திற்கே சென்று, அவர் அங்கே உறங்குகின்றார் என்பதைக் கண்டு உறுதி செய்ய வேண்டும். முகவரிச் சான்று வேறு வேண்டுவதில்லை. ஆகவே, வாக்களிப்பதற்கு அந்நடைபாதை அவருக்கு முகவரியாகின்றது. மறுநாட் காலையில் நடைபாதையைச் சீர்செய்ய வரும் வண்டிக்கு அதே முகவரி ஆக்கிரமிப்பு ஆகின்றது. இரண்டையும் செய்வது அரசே.

நடைபாதை நடப்பார்க்கு உரியது என்பதை மறுப்பார் இலர். பார்வையற்றோரும் முதியோரும் சாலையில் இறங்கி நடக்க நேர்வது கொடிது. தம் கடைவாயிலில் அடுப்பு எரிவதை வணிகர் விரும்பாமையும் இயல்பே. ஆயினும், அகற்றுதல் என்பது எவரையும் வீட்டிற்குள் சேர்ப்பதன்று. அகற்றப்பட்டவர் அடுத்த தெருவிற்குச் செல்வர். சில நாளில் மீள்வர். இடையில் தொலைவன அடுப்பும் குடும்ப அட்டையும் பிள்ளையின் புத்தகப் பையுமே. குடும்ப அட்டையை மீண்டும் பெறுவதற்குள் எத்தனை மாத அரிசி போகும் என்பதை அவர்களே அறிவர்.

இவ்வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றதுண்டு. 1981-ஆம் ஆண்டில், மழைக்காலத்தில், பம்பாய் நடைபாதை மக்களை வெளியேற்ற அம்மாநில அரசு முனைந்தது. ஓல்கா டெல்லிஸ் என்னும் இதழாளரும் பிறரும் தொடுத்த வழக்கில், 1985-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நடைபாதையில் குடியிருக்க எவர்க்கும் உரிமை இல்லை என்றனர். அதே வேளையில், பிழைப்புரிமை உயிர்வாழும் உரிமையின் ஒரு கூறு என்றும், முன்னறிவிப்பின்றி அகற்றலாகாது என்றும் கூறினர். சென்னை மக்கள் பொருட்டு வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கும் அவ்வாண்டிலேயே அங்கு முடிவுற்றது. பம்பாய்த் தீர்ப்பின் உயிர்நாடியாவது, மக்கள் நடைபாதையில் தங்குவது வேலை அருகில் இருப்பதனால்தான் என்று நீதிபதிகள் உணர்ந்தமையேயாகும். உறைவிடத்தைப் பறித்தால் வேலையும் பறிபோகும். நாற்பது ஆண்டுகளாக நகராட்சிகள் இத்தீர்ப்பின் முற்பகுதியை நன்கு நினைவில் வைத்திருக்கின்றன. பிற்பகுதியை அத்துணை நினைப்பதில்லை.

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தில்லியின் கடுங்குளிரில் வீடற்றோர் மடிந்த செய்தி உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. அதன் பின்னர், பெருநகரங்களில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுமையும் இரவும் பகலும் திறந்திருத்தல் வேண்டும் என்னும் நெறி வகுக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஒருவர்க்கு 50 சதுர அடி என்று அளவும் குறித்தது. சென்னையில் குளிரால் மடிவார் இலர். இங்கே பகை மழையும் வெயிலும் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் ஓர் இரவு மழை பெய்தால் நடைபாதைக் குடும்பங்கள் விடியுமளவும் நின்றே கழிக்கும். ஆதலின் குளிர்காலத்து இரவுக் கொட்டகை என்னும் எண்ணம் நம் நாட்டு வடபுலத்திற்குப் பொருந்துமேயன்றி இக்கடற்கரைக்குப் பொருந்தாது.

சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களின் துணையோடு காப்பகங்களை நடத்தி வருகின்றது. அவற்றின் பயனைக் குறைத்துக் கூறுதல் முறையன்று. அரசு மருத்துவமனை வளாகங்களில், உள்ளே படுத்திருக்கும் நோயாளியின் உறவினர் தங்குவதற்கெனக் காப்பகங்கள் அமைத்திருப்பது மிக நல்ல ஏற்பாடு. வெளியூரிலிருந்து வந்து மரத்தடியில் படுத்தவர் இன்று கூரையின்கீழ்ப் படுக்கின்றனர். மனநலம் குன்றித் தெருவில் திரிவோர், பிள்ளைகள் கைவிட்ட முதியோர், தனித்து வந்த கூலியாள் ஆகியோர்க்கும் காப்பகம் உயிர்காக்கும் இடமே.

குடும்பத்திற்கோ அது பொருந்துவதில்லை. காப்பகங்கள் பெரும்பாலும் ஆடவர்க்கு ஒன்று, மகளிர்க்கு ஒன்று, சிறார்க்கு ஒன்று எனப் பிரிந்தவை. கணவன் ஒரு கூடத்திலும் மனைவி ஒரு கூடத்திலும் பன்னிரண்டு வயதுப் பையன் வேறொரு கூடத்திலும் படுப்பது எத்தனை நாள் இயலும்? அங்கே அடுப்பு மூட்டல் ஆகாது. மீன்பாடி வண்டியை நிறுத்த இடம் இராது. மறுநாள் விற்பதற்கு வாங்கி வைத்த பூவும் பழமும் கூடத்துள் வாரா. இதனாலேயே, காப்பகத்தில் இடம் இருக்கவும் நடைபாதையில் குடும்பங்கள் இருக்கின்றன. ‘அழைத்தாலும் வருவதில்லை’ என்று அவர்களைப் பழிப்பவர், தம் குடும்பத்தை ஓர் இரவு அங்ஙனம் பிரித்து உறங்கச் செய்து பார்த்தல் நன்று.

குடும்பத்திற்கு வேண்டுவது வீடு. வீடுகளை அரசு கட்டாமலும் இல்லை. 1970-ஆம் ஆண்டில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. 1971-இல் அதற்குரிய சட்டம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் அவ்வாரியம் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகளை எழுப்பியது. வீடு சிறிதாயினும் பிழைப்பு மாறவில்லை. 2000-ஆம் ஆண்டளவில் போக்கு மாறிற்று. நகரின் தென்கோடியில் கண்ணகி நகர், பின்னர்ச் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனப் பல்லாயிரம் வீடுகள் ஒருங்கே எழுந்தன. வாரியத்தின் பெயரும் 2021-ஆம் ஆண்டில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. வாழ்விடம் என்னும் சொல் அழகிய சொல். வாழ்வுக்கு உரிய இடம் எது என்பதே வினா.

இராயபுரத்திலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்னே தொடங்கிவிடும். கூடை சுமக்கும் பெண் அந்நேரத்தில் அங்கே இருத்தல் வேண்டும். பிந்தி வந்தவர்க்கு மீனும் இல்லை, கூலியும் இல்லை. பெரும்பாக்கத்தில் குடியேறியவள் நள்ளிரவில் புறப்படுதல் வேண்டும். 2021-ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. காசு மிஞ்சும், உறக்கம் மிஞ்சாது. வீட்டு வேலை செய்பவள் புதிய இடத்தில் புதிய வீடுகளைத் தேடலாம். கடலைத் தேட முடியாது. பிள்ளைகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. கல்வியாண்டின் இடையில் இடம் பெயர்ந்தால், பழைய பள்ளி எட்டாது. புதிய பள்ளியில் பாடம் பாதி முடிந்திருக்கும். அவ்வாண்டோடு படிப்பை விட்டவர் பலர். இக்காரணங்களால் வீடு பெற்றும் அதனைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்பிய குடும்பங்கள் உண்டு. அவர்களை நன்றி கெட்டவர் என்று கூறுவார் கூறுக. அவர்கள் சோற்றை நாடித் திரும்பினர் என்பதே உண்மை.

வடசென்னையில் நிலம் எங்கே என்று கேட்பர். நிலத்தின் விலை உயர்ந்தது என்பது மெய்யே. ஆயின், வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இருப்புப்பாதை நீண்டு, 2021-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் நிலையங்களுக்கு நிலம் கிடைத்தது. அஃது ஊருக்கு வேண்டிய பணியே, கிடைத்ததில் மகிழ்ச்சியே. தேடினால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று. துறைமுகம், இருப்புப்பாதை, மாநகராட்சி ஆகியவற்றின் கையில் இப்பகுதியில் உள்ள நிலத்துள், நடைபாதைக் குடும்பங்களுக்குச் சில நூறு சிறு வீடுகள் கட்ட ஒரு துண்டு கிடைக்காது என்பதை நம்புதல் அரிது. சிங்கப்பூரில் 1961-ஆம் ஆண்டு மேத் திங்களில் புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதி எரிந்து, சற்றேறக்குறைய 16,000 மக்கள் வீடிழந்தனர். தீவோ சிறியது, அரசோ அன்று செல்வமுடையதன்று. அவ்வாறிருந்தும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஓராண்டிற்குள் அவர்களுக்கு அடுக்கு வீடுகளைத் தந்தது. எரிந்த நிலத்திலும் பின்னர்ப் புதிய குடியிருப்பு எழுந்தது.

அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றால் நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது, சென்னை மாநகராட்சி தெருவில் இருந்தோரைப் பள்ளிக் கட்டடங்களிலும் சமுதாய நலக்கூடங்களிலும் சில நாள்களில் தங்கவைத்தது. உணவும் தந்தது. நோய் பரவும் என்னும் அச்சம் இருந்தபோது இடம் இருந்தது. பள்ளிகள் பிள்ளைகளுக்கு வேண்டியவை. அவற்றை என்றும் உறைவிடமாக்கல் இயலாது. எனினும், அடைப்பு நீங்கியபின் அம்மக்கள் எங்கே சென்றனர் என்று கேட்டால், வந்த இடத்திற்கே சென்றனர் என்பதே விடை.

மாநகராட்சி இனி எடுக்கும் கணக்கில் ஒரு வினாவைச் சேர்த்தல் வேண்டும். ‘நீர் எவ்வூரார்? எத்தனை ஆண்டாக இங்கே இருக்கின்றீர்?’ என்பன பழைய வினாக்கள். ‘நீர் எங்கே வேலை செய்கின்றீர்? விடியற்காலையில் எத்தனை மணிக்கு அங்கே இருத்தல் வேண்டும்? பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கின்றது?’ என்று கேட்டு, விடையை எழுதிக்கொண்ட பின்னரே வீட்டிற்கு இடம் குறித்தல் வேண்டும். அவ்வீடு எழும் வரையில், குடும்பம் பிரியாமல் தங்கும் சிறு அறைகள் கொண்ட காப்பகம் அந்தந்த வட்டத்திலேயே வேண்டும். அடுப்பிற்கும் வண்டிக்கும் அதில் இடம் வேண்டும். அதுவரையில் எவர் தார்ப்பாயையும் மழைக்காலத்தில் சுருட்டலாகாது.

1782-ஆம் ஆண்டுச் சத்திரம் இன்றும் உள்ளது. ஆதரவற்ற முதியோர் அங்கே தங்கியிருக்கின்றனர். அதன் வாயிலிலிருந்து துறைமுகத்திற்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்கும் காசிமேட்டிற்கும் நடந்தே செல்லலாம்.